பூனை சாப்பிட்ட பிறகுதான்

1

எங்கள் வீட்டில் பகல் சாப்பாடு இப்போது ஒரு பூனையின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பூனை சாப்பிட்டால்தான் என் மனைவி சாப்பிடுவாள். பூனை சாப்பிடுவதில்லை.

புலம்பெயர்ந்தோர் பக்கத்துக்கு எழுதித் தாருங்கள் என்று ஊரிலிருந்து கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கடல் தாண்டிப் போனவர்கள் பனியைப் பற்றி எழுதும் பக்கம் அது. நான் தாண்டியது செங்கோட்டைக் கணவாயை மட்டும். ரயிலில் ஏறித் தூங்கி எழுந்தால் அம்பாசமுத்திரம். ஆனாலும் ரேஷன் அட்டையிலும் வாக்காளர் அட்டையிலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் தன் மொழியில் ஒரு எழுத்துகூட இல்லாமல் நாற்பது வருஷம் கொச்சி மட்டாஞ்சேரியில் குடியிருந்தவனை வேறு எந்தப் பக்கத்தில் போடுவது? ஆகவே எழுதுகிறேன். பனி கிடையாது. பூனை உண்டு.

துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் காகிதம் எந்த மேஜைக்குப் போகும், அங்கே ஏன் தூங்கும், எப்படித் தட்டினால் எழும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எங்கள் பகுதியான கொச்சங்காடியில் பாதிப் பேர் ஓய்வூதிய விண்ணப்பத்துக்கும் பெயர் திருத்தத்துக்கும் இன்னமும் என்னிடம்தான் வருகிறார்கள். எந்தக் கோப்பையும் நகர்த்திவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பூனையை நகர்த்த ஒரு விதியும் இல்லை.

மனைவி பெயர் செண்பகம். இரண்டு வருஷமாக அவளுக்கு மறதி நோய். முதலில் போனது மலையாளம். மீன்காரனை விரட்டவும் பால்காரனிடம் சண்டை போடவும் அவள் சேர்த்து வைத்திருந்த மலையாளம் முழுவதும், வாடகைக்கு எடுத்த பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்ததுபோல், ஒரு மழைக்காலத்தில் போய்விட்டது. அவள் கொண்டுவந்த அம்பாசமுத்திரத் தமிழ் மட்டும் அப்படியே இருக்கிறது. டாக்டர் அவளை எடை பார்க்கும்போதெல்லாம் முகத்தைச் சுளிக்கிறார். "இப்படியே சாப்பிடாம இருந்தா, மூக்கு வழியா டியூப் போட வேண்டிவரும்" என்று கடைசியாகச் சொல்லிவிட்டார். டியூப் போட்டால் அவள் பிடுங்கி எறிவாள். பிடுங்காமல் இருக்கக் கைகளைக் கட்டிலோடு கட்டுவார்கள். அப்படிக் கட்டிப் போட்ட ஒரு கிழவரை அந்த ஆஸ்பத்திரி வார்டிலேயே பார்த்தேன். அவர் விரல்கள் மட்டும் எதையோ பிசைந்துகொண்டிருந்தன.

2

ஆரம்பம் என் தாயாரின் திதி. அது ஆனி மாதம் வரும்.

நாங்கள் சைவச் சாப்பாட்டுக்காரர்கள். திதியன்று பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்த சோற்றை உருண்டையாக்கிக் கொல்லைச் சுவரில் வைத்துக் காகத்தைக் கூப்பிட வேண்டும். செத்தவர்கள் காகமாக வருகிறார்கள். காகம் எடுத்த பிறகுதான் வீட்டார் இலையில் உட்காரலாம். ஊரில் இதில் சிரமம் இல்லை. அங்கே காகங்களுக்கு நடைமுறை தெரியும். மட்டாஞ்சேரிக் காகங்கள் தோப்பும்படி மீன் துறையில் வளர்ந்தவை. பருப்புச் சோற்றை அவை திரும்பிப் பார்ப்பதில்லை. இருந்தாலும் ஒவ்வொரு வருஷமும் எப்படியோ ஒன்று வந்து, கடமைக்குக் கொத்திவிட்டுப் போய்விடும்.

இந்த வருஷம் வரவில்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. செண்பகம் குடையைப் பிடித்துக்கொண்டு, "கா, கா" என்று தொண்டை கம்மும்வரை கூப்பிட்டாள். அப்போது சுவரின் மறுபக்கத்திலிருந்து ஒரு பூனை ஏறி வந்தது. சாம்பல் நிறம், ஒரு காது கிழிந்தது. உருண்டையை முகர்ந்தது. நெய்யை நக்கியது. பிறகு ஒரு பருக்கை விடாமல் தின்று தீர்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது.

"அத்தை வந்துட்டா" என்றாள் செண்பகம். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. எனக்கோ பசி. "ஆமா, வந்துட்டாங்க, இலையைப் போடு" என்றேன்.

மறுநாள் அவள் மறுபடியும் உருண்டை பிடித்து, ஒரு தட்டில் வைத்தாள். திதி முடிந்துவிட்டது என்றேன். "நேத்து வந்தவள இன்னைக்கு வராதேன்னா சொல்ல முடியும்?" என்று கேட்டாள். அதிலிருந்து தினமும் திதி. பூனையும் தினமும் வந்து தின்றது. செண்பகமும் தினமும் சாப்பிட்டாள், முன்னைவிட நன்றாகவே. மருந்தைவிடப் பூனை மேல் என்றுகூட நான் நினைத்தேன். பழைய யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் போகும் வெள்ளைக்காரர்கள் எங்கள் சந்து வழியே போகும்போது, சுவர்மேல் படுத்திருக்கும் என் தாயாரைக் குனிந்து குனிந்து படம் எடுத்தார்கள்.

ஆடி பாதியில் பூனை சாப்பாட்டை நிறுத்தியது. வரும், முகரும், முன்னங்காலால் தரையைச் சுரண்டி மூடுவதுபோல் ஒரு சைகை காட்டும், போய்விடும். செண்பகம் கொல்லைப் படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "அத்தை இன்னும் சாப்பிடல. நான் எப்படிச் சாப்பிட?" என்பாள். நானே ஒருநாள் தட்டைக் காலிசெய்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள் என்றேன். "நான் பாக்கலயே" என்றாள். நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போடாத அதிகாரிகளை நான் வாழ்க்கையில் இரண்டு பேரைத்தான் கண்டிருக்கிறேன். இவள் மூன்றாவது. ஊட்டப் போனால் உதட்டை இறுக்கிக்கொள்வாள்.

3

முறைப்படி செய்வோம் என்று பூனையைக் கூடையில் போட்டு அரசு மிருக ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். சீட்டு எழுதும் பெண் பூனையின் பெயரைக் கேட்டாள். பெயர் இல்லை என்றேன்.

"பேரு இல்லாம பற்றில்ல, முடியாது சாரே. கம்ப்யூட்டர் எடுக்காது."

கம்ப்யூட்டர் எடுக்காது என்றால் எடுக்காது. அந்த வாக்கியத்தை நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பின்னால் ஒரு ஆடும் இரண்டு நாய்களும் காத்திருந்தன. வீட்டில் செண்பகம் அதை எப்படிக் கூப்பிடுகிறாள் என்பதை அங்கே சொல்ல முடியாது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கோமதி."

அது என் தாயாரின் பெயர்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். கோமதியைத் தூக்கிப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். "சாரே, இது கண்டன் பூச்சையாக்கும்" என்றார். நம் ஊரில் கடுவன் என்போம். சீட்டில் பாலினத்தைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். பெயரைத் திருத்தவில்லை. அதற்குத் தனி மனு வேண்டும் போலிருக்கிறது.

"சாப்பிடுவதே இல்லை" என்றேன்.

அவர் சிரித்தார். "இதுவா? நல்லா தடி வெச்சுக் கொழுத்திருக்கு. எங்கேயோ நல்லா வெட்டுது. வீட்டுல என்ன கொடுக்குறீங்க?"

சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கே மாத்திரை எழுதித் தருவார் என்று நினைத்தேன். தரவில்லை.

4

எங்கேயோ என்பது எங்கே என்று கண்டுபிடிக்க அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. அடுத்த வீட்டு ஜமீலா கொல்லையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பாலக்காட்டு ராவுத்தர் குடும்பம், வீட்டில் பேசுவது தமிழ்தான். புருஷனுக்குச் சுக்கு வியாபாரம். இந்தச் சந்தில் செண்பகத்தோடு இப்போது பேச முடிகிறவள் அவள் ஒருத்திதான். அவள் காலடியில் என் தாயார் மத்தித் தலையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"இதுவா சாரே? இது நம்ம வீட்லயும் தின்னும், எதிர் வீட்லயும் தின்னும். கொச்சங்காடி முழுக்க இதுக்கு மாமியார் வீடுதான்."

"ஒரு மாதம் முன்னால்வரை பருப்புச் சோறு தின்றதே!"

"அப்ப போட் போகலையே. மழைத் தடை இல்லையா? எங்களுக்கே மீன் கிடைக்கல, பூச்சைக்கு எங்கேந்து போட? தடை தீர்ந்தது, போட் இறங்கிச்சு, இப்ப மத்தி வாரிக் கொட்டுது. இனி அது உங்க பருப்பை எதுக்குத் தின்னணும்? அதுக்கென்ன கிறுக்கா?"

மழைக்காலத்தில் விசைப்படகுகளுக்கு அரசாங்கம் தடை போடுவதும், ஆடியில் அதை விலக்குவதும் எனக்குத் தெரியாததா? அந்த அறிவிப்புகளைப் படித்துத்தான் சம்பளம் வாங்கினேன். என் தாயாரின் மறுவருகை அந்தத் தடையின்கீழ் நடந்தது என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

நிலைமையை ஜமீலாவிடம் விளக்கினேன். பூனைக்கு மீன் வேண்டும். மீனை வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. செண்பகத்தின் மூக்கு அப்படி. மீன்காரனின் சைக்கிள் சந்து முனையில் திரும்பும்போதே ஜன்னலைச் சாத்திச் சாம்பிராணி போட்டவள். நான் தோப்பும்படி வழியாக வந்த நாளில் சட்டையைக் கட்டாயம் முற்றத்துக் கொடியில்தான் போட வேண்டும். அதிலும் இது அத்தைக்குப் படைக்கிற சோறு. அதில் மீன் என்று தெரிந்தால் அவள் சாப்பாட்டை மட்டுமா விடுவாள்? ஆக, மீன் இல்லாமல் பூனை சாப்பிடாது. பூனை சாப்பிடாமல் அவள் சாப்பிட மாட்டாள். இரண்டு அலுவலகம் ஒன்றிடமிருந்து மற்றது சான்றிதழ் கேட்கும் வழக்கை நான் தீர்த்திருக்கிறேன். யாராவது ஒருவர் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். வேறு வழி கிடையாது.

"காலைல பிடிச்சு எங்க ஸ்டோர்ல அடைச்சிடுறேன். உச்சிப்பொழுதுக்கு வயிறு காய்ஞ்சு வந்தா, உங்க பருப்பு என்ன, சாக்கையே தின்னும்" என்றாள் ஜமீலா.

அப்படியே நடந்தது. சில நாள் பூனை தின்றது, கோபத்தோடு. செண்பகமும் சாப்பிட்டாள். டாக்டரிடம் தலைநிமிர்ந்து போகலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு காலையில் சுக்கு மூட்டைகளுக்கு நடுவிலிருந்து பூனை கத்தியது. குழந்தை அழுவதுபோல் நீளமாகக் கத்தியது. செண்பகம் சுவரோரம் போய்க் காதை வைத்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"உங்க அம்மையப் பூட்டி வெச்சிருக்கு."

"யாரு? சும்மா எதாவது..."

"பட்டினி போட்டுத்தான் சோறு திங்க வைக்கீங்களா? பெத்தவளை?"

நேரே ஜமீலாவிடம் போனேன். கதவைத் திறந்துவிடச் சொன்னேன். பூனை என் காலைக் கீறிவிட்டு ஓடியது. அப்புறம் வந்தாலும் தட்டை விட்டு எட்டியே உட்கார்ந்தது.

5

"மொட்டையா நிக்கீங்களே. என்ன குறைன்னு கேளுங்க" என்றாள் செண்பகம்.

இது இங்கே யாருக்கும் புரியாது. உங்களுக்குப் புரியும். காகம் எடுக்காவிட்டால் செத்தவருக்கு மனக்குறை என்று அர்த்தம். என்ன குறை என்று ஊகித்து, அதை நிறைவேற்றுவதாக எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுக்க வேண்டும். என் அப்பாவின் காரியத்தன்று தாமிரபரணிக் கரையில் காகம் மருதமரத்தை விட்டு இறங்கவே இல்லை. கடைசியில் மாமா, "உன் மகள் கல்யாணம் என் பொறுப்பு, எடுத்துக்கோ அத்தான்" என்று அழுதார். காகம் இறங்கியது. எல்லோரும் தள்ளி நின்றதால் இறங்கியது என்றுதான் அன்றைக்கே எனக்குப் பட்டது. ஆனால் மாமா என் தங்கைக்குக் கல்யாணம் செய்துவைத்தார்.

நான் குளித்து, ஈர வேட்டியோடு, ஒரு கடுவன் பூனைக்கு முன்னால் கைகூப்பி நின்றேன். சுவரின் மேலே ஜமீலாவின் தலை தெரிந்தது, உடனே மறைந்தது. நல்ல பெண்.

"அம்மா, என்ன குறை?" என்றேன்.

"ஊருக்கு வந்துருதோம்னு சொல்லுங்க" என்று செண்பகம் எடுத்துக் கொடுத்தாள்.

ஊரில் எங்களுக்கு வீடு இல்லை. அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. போன வருஷம் போய்ப் பார்த்தேன். கல்லாவில் இருந்த பெண் என்ன மாடல் வேண்டும் என்று கேட்டாள். "ஊருக்கு வந்துவிடுகிறோம் அம்மா" என்றேன். பூனை காதைச் சொறிந்தது.

"பேரன் வருவான்னு சொல்லுங்க."

பேரன் என்பது எங்கள் ஒரே மகன் நெல்லையப்பன். அயர்லாந்தில் இருக்கிறான். அங்கே அவன் பெயர் நெல். கொச்சியில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். தமிழ் பேசுவான், எழுத்துத் தெரியாது. நான் எழுதுவது எதையாவது அனுப்பினால், "அப்பா, அதை வாசிச்சு வாய்ஸா அனுப்பு" என்பான். இதையும் அப்படித்தான் அனுப்ப வேண்டும். அனுப்ப மாட்டேன்.

அவனை வீடியோவில் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொல்லி, "வருகிறேன் பாட்டி என்று ஒரு வார்த்தை சொல், போதும்" என்றேன்.

"அப்பா, அதொரு பூச்சையல்லே? இந்த வருஷம் எனக்கு லீவ் இல்லை. நான் எதுக்குக் கள்ளம் சொல்லணும்? அம்மாவை நீ வேற விஷயத்துல திருப்பணும். இங்கே டாக்டர்ஸ் எல்லாம் அதான் சொல்வாங்க."

"கள்ளம் இல்லைடா. வாக்கு."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

கரையில் நின்று அழுத மாமாவை அவனுக்கு எப்படிக் காட்டுவது? அதற்குள் செண்பகம் போனை என் கையிலிருந்து வாங்கிப் பூனைக்கு நேரே நீட்டினாள். "அத்தை, பேரன் பேசுதான் பாருங்க."

மகன் கேமராவுக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தான். பிறகு, "ஹலோ... பாட்டி. வரும்... ஞான் வரும்" என்றான். குரல் ஒரு மாதிரி ஆகியிருந்தது. கள்ளமோ வாக்கோ, சொல்லிவிட்டான்.

செண்பகம் போனைத் திருப்பி அந்த முகத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் தணிந்த குரலில் கேட்டாள்: "யாருங்க இது? மலையாளத்துப் பையன் மாதிரி இருக்கான். பாவம், எதுக்கு அழுதான்?"

பூனை எழுந்து போய்விட்டது.

6

டாக்டர் டியூபுக்குத் தேதி கொடுத்தார். சம்மதப் படிவத்தில் என் கையெழுத்துக்கான இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினார். எல்லாம் முறையாக இருந்தது. ஒரு பிழைகூட இல்லாத படிவம். பையில் வைத்துக்கொண்டு நேரே ஜமீலாவின் அடுக்களைக்குப் போனேன்.

"மசாலா போடாமல் ஒரு மீன் வேக வைத்துக் கொடு" என்றேன்.

அவள் உப்பு மட்டும் போட்டு அவித்துத் தந்தாள். உதிர்க்கத் தெரியாமல் நான் விரலை விரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, "நகருங்க சாரே, மீன் உங்களைக் கடிக்காது" என்று தானே உதிர்த்தாள். எழுபது வயதில் முதல் தடவையாக மீனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலைத் தாண்டினேன். எவ்வளவோ கடத்தல் சரக்கைப் பிடித்துக் கொடுத்த கையால் பாத்திரத்தை மூடிப் பிடித்துக்கொண்டேன். பருப்பை அதிகமாக விட்டேன். நெய்யை ஊற்றினேன். மேலே ஒரு கரண்டி வெறுஞ்சோற்றைப் போர்த்தினேன். வாசனை போகுமா? எனக்கே மூக்கில் ஏறியது. கேட்டால், பக்கத்து வீட்டில் சமைக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும்; காற்று இந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

பூனை சுவரிலேயே நிமிர்ந்துவிட்டது. தட்டு தரையைத் தொடுவதற்குள் குதித்தது. தலையை உள்ளே விட்டுச் சோற்றைக் கிளறிக் கிளறித் தின்றது. செண்பகம் கொல்லைப் படியில், தட்டிலிருந்து ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை.

"சாப்பிடுதா! அத்தை சாப்பிடுதா, பாருங்க!" அவள் சின்னப் பிள்ளைபோல் கை தட்டினாள்.

"சரி, இலை போடட்டுமா?" என்று கேட்டேன். எழுந்திருக்க மாட்டேன் என்று தலையசைத்தாள். பூனை பாதி தின்றுவிட்டு, வாயை நக்கிக்கொண்டு விலகியது. செண்பகம் கையை நீட்டித் தட்டை மடிக்கு இழுத்தாள்.

"அதைத் தொடாதே. அது பூனை..."

"படைச்ச சோத்துல மிச்சத்த வீட்டுக்காரங்கதான சாப்பிடணும்? வெளிய கொட்டினா குத்தம்லா?"

வழக்கம் அதுதான். படையல் இலையில் மிஞ்சியதை நாங்கள்தான் பகிர்ந்து சாப்பிடுவோம். அவள் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. தடுக்க வேண்டுமானால் அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொன்னால் சாப்பாடு நின்றுபோகும். படிவம் பையில் இருந்தது. நான் சொல்லவில்லை.

அவள் சாப்பிட்டாள். வெள்ளையாக உதிர்ந்த மீனைச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்து, உருட்டி, வாயில் போட்டு, மென்று விழுங்கினாள். எங்கேயாவது நிற்பாள், முகம் மாறும், துப்புவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவள் துப்ப வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன் என்பதைச் சொன்னால் நம்புவீர்களா? திட்ட வேண்டும், தட்டை என்மேல் வீச வேண்டும், குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டி வீட்டைக் கழுவ வேண்டும். அப்படிச் செய்கிற ஒருத்தியோடுதான் நான் இத்தனை வருஷம் வாழ்ந்தேன். அவளிடமிருந்து மறைக்கத்தான் இவ்வளவு பாடுபட்டேன்.

"உப்பு சரியா இருக்கு" என்றாள். கடைசி உருண்டையை எனக்கு நீட்டினாள். "நீங்களும் ஒரு வாய்."

வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஜமீலாவின் கொல்லைக்குப் போனேன். அவள் மத்தியை அலசிக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்து வைக்கும்படி சொன்னேன். கொஞ்சம் தயங்கி, முள்ளையெல்லாம் சுத்தமாக எடுத்துவிட வேண்டும் என்றேன்.

"பூச்சைக்கு எதுக்கு சாரே முள்ளு எடுக்கணும்? அது முள்ளோட தின்னுமே."

"எடுத்துக் கொடு" என்றேன்.

அவள் கையிலிருந்த மீனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு முள் எடுக்க உட்கார்ந்தாள்.